கோட்டை இல்லாத கோட்டை மாரியம்மன்: சேலம் பார்க்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இரண்டாம் நாள் காலையில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "கோட்டை மாரியம்மன் கோட்டை மாரியம்மன்னு சொல்றீங்களே, அந்தக் கோட்டை எங்கே இருக்கு?" இல்லை என்பதுதான் பதில். ஒரு காலத்தில் இருந்தது. இன்று கோட்டை என்பது சேலத்தில் ஒரு பகுதியின் பெயர், அம்மனுக்கு ஓர் அடைமொழி, அவ்வளவுதான். மதிலைத் தேடி ஆட்டோவில் சுற்றினால் காசுதான் போகும். அரண்மனையும் கிடையாது.

மதுரை, தஞ்சாவூர் மாதிரி ஊர் நடுவில் ஒரு மகால், கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய கோயில் என்ற கணக்கோடு வருவதுதான் முதல் தவறு. இங்கே பார்க்க வேண்டியவை ஊரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கின்றன. மேற்கே போனால் தாரமங்கலம், தென்மேற்கே சங்ககிரி, கிழக்கே ஆத்தூர், மேலே ஏறினால் ஏற்காடு. ஒரே நாளில் நாலையும் முடித்துவிடுகிறேன் என்று கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாலையும் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு திசை. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

தங்கும் இடத்தில் இன்னொரு குழப்பம். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரூம்" என்று போட்டிருந்தால், எந்த பஸ் ஸ்டாண்டு என்று கேளுங்கள். வெளியூர் பஸ் வந்து நிற்பது புது பஸ் ஸ்டாண்டில். கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர், சுகவனேஸ்வரர் மூன்று கோயிலும் இருப்பது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம். ரயிலிலும் இதே கதைதான். சேலம் ஜங்ஷன் சூரமங்கலத்தில் இருக்கிறது, பழைய ஊருக்குள் வர டவுன் பஸ் பிடிக்க வேண்டும். கோயில்களை நடந்தே பார்க்க நினைப்பவர்கள் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் எடுப்பது நல்லது.

அடுத்தது நடை சாத்தும் நேரம். இதில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஒருமுறை சித்தப்பா குடும்பத்தோடு காலையில் ஏற்காடு போய்விட்டு, இறங்கி வந்து, சாப்பிட்டு, தாரமங்கலம் போய்ச் சேரும்போது மணி ஒன்று. கதவு சாத்தியிருந்தது. சித்தி கோபுரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கோபுர தரிசனம் கோடி புண்ணியம், வாங்க போலாம்" என்றார். நான் போக விடவில்லை. நாலு மணி வரை காருக்குள் வெந்தோம். உச்சிக்கால பூசை முடிந்தால் நம் ஊர்க் கோயில்கள் சாயங்காலம்தான் திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டூர் கிளம்பும்போது மட்டும் அது மறந்துபோகிறது. காலையில் கோயில், மத்தியானம் சாப்பாடும் பயணமும், சாயங்காலம் மறுபடி கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருந்ததில் ஒரு லாபம். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மேற்கு பார்த்தது. நாலரை மணி வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால்தான் அந்தச் சிற்பங்களின் ஆழம் தெரியும். காலையில் போகிறவர்கள் கல்லைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மாசி மாதத்தில் மூன்று நாள் மறையும் சூரியனின் கதிர் உள்ளே போய் லிங்கத்தின் மேல் விழும். அந்த நாட்களில் கூட்டம் நெரிக்கும், சிற்பம் பார்க்க வேறு நாளில் வாருங்கள்.

தாரமங்கலத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்குவதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியாது. மதுரை நாயக்கர்களுக்கு அடங்கி இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் 17ஆம் நூற்றாண்டில் எடுத்துக் கட்டிய கோயில் இது. அவர்களின் அரண்மனை நமக்கு மிஞ்சவில்லை, கோயில் மிஞ்சியது. உள்ளே போனதும் எல்லோரும் நேராகக் கருவறைக்கு ஓடி, கற்பூரம் தொட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்புகிறார்கள். மண்டபத்தின் விதானத்தை நிமிர்ந்து பார்ப்பவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். ஒரே கல்லில் வளையம் வளையமாகச் செதுக்கிய சங்கிலி அங்கே தொங்குவது பலருக்குக் கண்ணில் படுவதே இல்லை.

அன்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். ராமன் வில்லை வளைத்து நிற்கும் தூணருகே என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இப்படி நில்லுங்க. வாலி தெரியுதுங்களா?" தெரிந்தது. தூரத்துத் தூணில் வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். "இப்ப அங்க போய் வாலிகிட்ட நின்னு பாருங்க." போய் நின்றேன். ராமனைக் காணோம். நடுவில் இருக்கும் தூண்கள் மறைத்துவிட்டன. மறைந்து நின்று அம்பு விட்டான் என்று கதையில் வருவதைச் சிற்பி இடத்தைக் கொண்டே சொல்லியிருக்கிறான். தூணைத் தூணாகப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு நகர்கிறவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது. நின்று, நடந்து, திரும்பிப் பார்க்க வேண்டிய கோயில். ஒன்றரை மணி நேரமாவது வேண்டும்.

அங்கே ஒரு யாளியின் வாய்க்குள் கல் உருண்டை இருக்கிறது. உருளும், வெளியே வராது. பிள்ளைகளுக்கு அது பம்பரம் மாதிரி. எங்கள் சித்தப்பா பையன் விரலை விட்டு உருட்ட, நாலு பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். முந்நூறு வருடத்துக்கு மேலாக ஆளுக்கு ஒரு உருட்டு என்றால் கல் என்ன செய்யும்? பார்த்தால் போதும் என்று பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். தூணில் விபூதி, குங்குமம் தடவுவது, சிலையின் காலடியில் கற்பூரம் ஏற்றுவது, இதெல்லாம் பெரியவர்கள் செய்யும் தவறு. எண்ணெயும் கரியும் செதுக்கலின் இடுக்கில் இறங்கினால் சுலபத்தில் போகாது.

கோயிலோடு திரும்பாமல் தெப்பக்குளத்தையும் கேட்டுப் போய்ப் பாருங்கள். எட்டுப் பட்டையாகக் கட்டிய குளம். ஒரு சுவரில் கல்லை எறிந்தால் எட்டுச் சுவரிலும் பட்டுத் திரும்பி வரும் என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், எறிந்து சோதிக்க வேண்டாம்.

கோட்டை பார்த்தே ஆக வேண்டும் என்றால் சங்ககிரிக்குப் போங்கள். மலையைச் சுற்றி வாசல் வாசலாக மேலே ஏறும் கோட்டை. தீரன் சின்னமலையை வெள்ளைக்காரர்கள் 1805இல் தூக்கிலிட்டது இங்கேதான். செய்யும் தவறு ஒன்றே ஒன்று: பதினொரு மணிக்கு ஏறுவது. பாறை கொதிக்கும், நிழல் குறைவு, மேலே கடை கிடையாது. விடிந்ததும் ஏறுங்கள், ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழுக்காத செருப்புப் போடுங்கள். ஏற முடியாதவர்களுக்கு ஆத்தூர்க் கோட்டை இருக்கிறது. வசிஷ்ட நதிக்கரையில், தரையிலேயே. ஆத்தூரோடு திரும்பிவிடாமல் கொஞ்சம் கிழக்கே போனால் ஆறகளூர் காமநாதீஸ்வரர் கோயில், அதன் பக்கத்தில் தியாகனூரில் உட்கார்ந்த கோலத்தில் பெரிய புத்தர் சிலைகள். சேலம் மாவட்டத்தில் புத்தரா என்று கேட்பவர்களுக்காகவே அந்த ஊர்.

ஆடி மாதம் வருபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் ஊரே மாறிவிடும். மாரியம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள், பழைய ஊர்த் தெருக்களில் வண்டியைத் திருப்பி விடுவார்கள். காரை எடுத்துக்கொண்டு கோயில் வாசல் வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, பகலில் வந்து அம்மனைக் கும்பிட்டுவிட்டு "சேலத்து ஆடி பார்த்தாச்சு" என்று கிளம்புகிறவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். சேலத்தில் குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை என்று ஒன்று நடக்கும். வண்டிகளை ஜோடித்து, மனிதர்களே சிவனும் பார்வதியுமாக, முருகனும் காளியுமாக வேஷம் கட்டி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து ஊர்வலம் வருவார்கள். தெரிந்தவர் வீட்டுத் திண்ணையோ மாடியோ கிடைத்தால் விடாதீர்கள்.

இனி மலை. ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். சேலத்துத் தட்டுவடை செட்டை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து அமுக்கி, வாயில் போட்டால் நொறுங்கும் ஓசை காதுக்கே கேட்கும். ஆனால் நாலு செட்டை உள்ளே தள்ளிவிட்டு மலை ஏறினால் பத்தாவது வளைவில் காரை ஓரம் கட்ட வேண்டியதுதான். இறங்கி வந்து சாப்பிடுங்கள்.

மேலே போனவர்கள் ஏரி, லேடிஸ் சீட் என்ற காட்சிமுனை, படகு என்று முடித்துக்கொள்கிறார்கள். மலைக்கே பெயர் கொடுத்த சேர்வராயனைப் பார்ப்பதில்லை. உச்சியில், கடல்மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலே, சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கும் குகைக் கோயில். கூரை தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். உயரமான மாமாக்கள் நிமிரும்போது பார்த்து நிமிருங்கள். மேலே காற்று அடிக்கும், அதனால் வயதானவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துப் போங்கள். இந்த மலையின் பழங்குடி மக்களை மலையாளி என்பார்கள். கேட்டதும் "எந்தக் கேரளா ஊர்?" என்று விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். மே மாதம் நடக்கும் சேர்வராயன் திருவிழா அவர்களுடைய திருவிழா. வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் போனை முகத்துக்கு நேரே நீட்டாமல், கேட்டுவிட்டு எடுங்கள்.

இறங்கும்போது எல்லோரும் ஏறிய வழியிலேயே இறங்குகிறார்கள். குப்பனூர் வழி என்று இன்னொரு பாதை இருக்கிறது. கோடை விழா சமயத்தில் ஒரு வழியாக ஏறி குப்பனூர் வழியாக இறங்கும்படி போலீஸே திருப்பி விடுவதுண்டு. மற்ற நாளிலும் அந்த வழி எனக்குப் பிடிக்கும். எப்படியும் கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். குப்பனூர் தாண்டி வந்தால் அயோத்தியாப்பட்டணம். மூன்று மணிக்கு மேல் மலையை விட்டுக் கிளம்பினால் கோதண்டராமர் கோயில் நடை திறந்திருக்கும். தூண்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், காரில் வராதவர்களுக்கு சேலம் டவுன் பஸ் வாசல் பக்கமே கிடைக்கும். தட்டுவடைக் கடைக்காரர் அடுப்பைப் பற்றவைக்கும் நேரமும் அதுதான்.