பழைய மெயில் சேர்வரில் எதைக் கம்பைல் செய்தால் வேகம் கூடும்?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு சங்கமோ டியூட்டரியோ தன் மெயிலைத் தானே நடத்தினால், அது பெரும்பாலும் மேசைக்கடியில் கிடக்கும் பழைய கணினியில்தான் ஓடும். புதுப் பெட்டிக்குக் காசு தேடுமுன், கம்பைல் (விதியையோ அட்டவணையையோ இயந்திரம் வேகமாக வாசிக்கும் வடிவுக்கு மாற்றுவது) செய்யக்கூடிய மூன்று இடங்களைப் பாருங்கள். கட்டளைகளின் பெயரை ஒலிப்படி தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும்.

அதிக பலன் குப்பை மெயிலை வடிகட்டும் ஸ்பாம்அசாசினில்தான். அதன் விதிகள் பேர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய தேடல் கோலங்கள். கம்பைல் செய்யாவிட்டால் ஒவ்வொரு மெயிலின் உடலிலும் ஒவ்வொன்றாக ஓடும். எஸ்ஏ-கம்பைல் என்ற கட்டளை அவற்றின் அடிப்படைச் சொற்றொடர்களைப் பொறுக்கி ஆர்ஈ2சி என்ற கருவி மூலம் சி மொழி நிரலாக்கும். அதன்பின் ஒரே ஓட்டத்தில், பொருந்தக்கூடிய விதிகள் மட்டும் தனியே பிரிந்துவிடும். உடல் விதிகளுக்குத்தான் இந்த லாபம். டிஎன்எஸ் (இணையப் பெயர்களைத் தேடித் தரும் சேவை) பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் ஒரு நொடியும் குறையாது.

டேபியன் லினக்ஸில் எஸ்ஏ-கம்பைல் என்ற பொதியை நிறுவினால் கம்பைலுக்கு வேண்டிய ஜிசிசி, மேக், ஆர்ஈ2சி கருவிகள் எல்லாம் கூடவே வரும். மற்ற லினக்ஸ்களில் அவற்றைத் தனியே நிறுவி, ஸ்பாம்அசாசினின் வி320.ப்ரீ அமைப்புக் கோப்பில் ரூல்2எக்ஸ்எஸ்பொடி என்ற செருகியை ஏற்றும் வரியின் முன்னுள்ள # குறியை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் கம்பைல் ஒழுங்காக முடியும், வேகம் மட்டும் வராது, பிழைச் செய்தியும் வராது.

முதலில் விதிகளில் பிழை உண்டா என்று பார்க்கும் ஸ்பாம்அசாசின் --லின்ட். அது சுத்தமாக வந்தால் எஸ்ஏ-கம்பைல். பிறகு ஸ்பாம்டியை (பின்னணியில் ஓடும் ஸ்பாம்அசாசின்), அமாவிஸ் (ஸ்பாம்அசாசினைத் தன்னுள் ஓட்டும் நிரல்) இருந்தால் அதையும், மறுபடி தொடங்குங்கள். பிழைதேடும் நிலையில் லின்ட்டை மீண்டும் ஓட்டி ‘ஸூம்’ என்று தொடங்கும் வரிகளைப் பார்த்தால் எத்தனை விதிகள் கம்பைல் ஆகியுள்ளன என்று தெரியும். சின்ன இயந்திரத்தில் இந்த வேலை நினைவகத்தையும் நேரத்தையும் தின்னும், இரவில் வையுங்கள்.

விதிகள் புதுப்பிக்கப்பட்டால் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். விதிகளைப் புதுப்பிக்கும் எஸ்ஏ-அப்டேட் கட்டளை புது விதி இறக்கினால்தான் 0 என்று முடியும்; ஆகவே இரண்டையும் && போட்டு இணைத்தால் வீண் கம்பைல் நடக்காது. பேர்ல் பதிப்பு மாறினாலும் அதே கதை. கம்பைல் ஆனவை பதிப்பெண் கொண்ட கோப்புறையில் கிடக்கும்; எண் மாறியதும் அவை கண்ணில் படாமல் சேர்வர் பழைய வேகத்துக்கே போய்விடும்.

இரண்டாவது, மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ். அதில் விர்ச்சுவல், டிரான்ஸ்போர்ட், அக்செஸ் போன்ற அட்டவணைகளைக் கம்பைல் செய்யப் போஸ்ட்மேப் கட்டளை. சில நூறு வரிகளுக்கு வேக வித்தியாசம் தெரியாது. இங்கே பெரிய தொல்லை, கோப்பைத் திருத்திவிட்டுப் போஸ்ட்மேப் ஓட்டாமல் விடுவது: பழைய முகவரிகளே வேலை செய்யும், மூலக்கோப்பைவிட அட்டவணை பழையது என்று லொக்கில் எச்சரிக்கை விழும். ஓட்டியபின் ரீலோட் (அமைப்பை மறுபடி வாசிக்கச் செய்வது) தேவையில்லை. ரெஜெக்ஸ்பி, பிசிஆர்ஈ, சிஐடிஆர் வகை அட்டவணைகள் நேர்மாறு: போஸ்ட்மேப் வேண்டாம், ரீலோட் வேண்டும். ஏலியஸ் (மாற்றுப்பெயர்) கோப்புக்கு நியூஏலியசஸ் கட்டளைதான். அதன் வரிவடிவம் வேறு.

ஐப்பசி இடிமழையில் கரண்ட் போய் வரும் ஊர்களில் இன்னொன்றையும் பாருங்கள். ஹாஷ் வகை அட்டவணையில் போஸ்ட்மேப் இருக்கும் கோப்பின் மேலேயே எழுதும். நடுவில் நின்றால் அட்டவணை கெடும். வேறு பெயரில் கட்டி, முடிந்தபின் எம்வி கட்டளையால் பெயரை மாற்றுங்கள். சிடிபி வகை இதைத் தானே செய்துகொள்ளும். உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் எந்த வகைகளை ஏற்கும் என்பதை போஸ்ட்கொன்ஃப் -எம் காட்டும்.

மூன்றாவது, பயனரின் அஞ்சல்பெட்டியைக் கவனிக்கும் டொவ்கொட். அதில் பயனரின் சொந்த சீவ் விதிகள் (வரும் மெயிலைப் பிரித்து வைப்பவை) தாமாகவே கம்பைல் ஆகும். எல்லோருக்கும் பொதுவாக சீவ்_பிஃபோர் என்ற அமைப்பில் (2.4க்கு முந்திய டொவ்கொட்டில் உள்ளது) வைத்த விதிக்கோப்பு அப்படியல்ல. அந்தக் கோப்புறையில் எழுதப் பயனருக்கு அனுமதியில்லாததால் ஒவ்வொரு மெயிலுக்கும் புதிதாகக் கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும். ரூட்டாக (நிர்வாகியாக) ஒருமுறை சீவ்சி கட்டளையை ஓட்டி, உருவாகும் எஸ்விபின் கோப்பை எல்லோரும் வாசிக்கும்படி விடுங்கள். விதியைத் திருத்தினால் மறுபடியும் ஓட்டவும்.