மணிக்கூடு மாறும் மாதத்தில் ஊருக்குப் போகிறீர்களா?

மார்ச்சிலோ ஒக்டோபரிலோ ஊருக்குப் போக ரிக்கெற் எடுத்திருந்தால், திகதியை இன்னொருக்கால் பாருங்கள். இலங்கையில் கோடைநேரம், குளிர்காலநேரம் என்று ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மாறுவது நாங்கள் விட்டுவிட்டு வரும் நாட்டின் நேரம்.

லண்டனுக்கும் ஊருக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம், கோடையில் நாலரை. பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்றால் நாலரையும் மூன்றரையும். ரொறன்ரோவுக்குப் பத்தரையும் ஒன்பதரையும். ஐரோப்பாவில் மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் நேரம் மாறும். ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும்.

ரிக்கெற்றில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மார்ச்சில் மாறுகிற ஞாயிறு விடியவே விமானம் என்றால் கவனம், அன்றிரவு ஒரு மணித்தியாலம் குறைந்துவிடும். கைத்தொலைபேசி தானாக மாறிக்கொள்ளும். சுவர் மணிக்கூடும் பல கார்களின் மணிக்கூடும் மாறாது. அவற்றை நம்பிப் படுக்காதீர்கள். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் சொல்லும்போதும் 'சனி இரவு' என்று சொல்லாமல், நள்ளிரவு தாண்டி இறங்கினால் 'ஞாயிறு அதிகாலை 1.30' என்று திகதியோடு சொல்லுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. லண்டனில் இருந்துகொண்டு கைத்தொலைபேசி நாட்காட்டியில் 'காலை 10 மணி, காணி அலுவல்' என்று பதிந்தால், ஊரில் இறங்கியதும் அது பிற்பகல் 2.30 அல்லது 3.30 என்று காட்டலாம். பதியும்போதே கொழும்பு நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். முக்கியமானதைத் தாளிலும் எழுதி வையுங்கள்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறைத் தாண்டி ஊரில் நிற்கிறீர்களா? லண்டனில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோடு தினமும் காலை 7 மணிக்குப் பேச, ஊரில் 11.30க்கு எடுத்திருப்பீர்கள். அந்த ஞாயிறுக்குப் பிறகும் 11.30க்கே எடுத்தால் அங்கே 6 மணி, பிள்ளை நித்திரை. இனி 12.30. வேலையிடத்துக் கூட்டங்களும் அப்படித்தான் தள்ளும். நேரம் பார்த்து எடுக்கும் மருந்துகள் இருந்தால் வெளிக்கிடுமுன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கையின் நேரம் ஒருபோதும் மாறவில்லை என்றும் இல்லை. 1996 மே மாதம் அரசு ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்பக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் திரும்பப் பழைய நேரத்துக்கு வந்தது. அந்தக் காலம் முழுக்கப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் இரண்டு நேரம். அதனால் அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களின் பிறந்த நேரத்தை ஊரில் பெரியவர்களிடம் கேட்டு எழுதப்போகிறீர்கள் என்றால், பழைய நேரமா புதிய நேரமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.