பழைய இசைத்தட்டு தேடுவோர் நெல்லைச் சீமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் பழைய இசைத்தட்டு தேடிப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அது யார் கையிலிருந்து வந்தது என்று விசாரிக்காமல் வாங்குவதுதான். இங்கே கிடைக்கும் தட்டுகளில் பல, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட ரேடியோ செட்காரர்களுடையவை. கேசட் வந்த பிறகு பரணில் ஏறிய அந்தப் பெட்டிகள், பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டும்போது எடைக்குப் போட்ட சாமான்களோடு ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, வந்து சேர்கின்றன. கொடை நாட்களில் இரவும் பகலும் புழுதியில் ஓடிய தட்டும், பாளையங்கோட்டையில் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் துணி சுற்றி இருந்த தட்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கலாம். கேட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆகவே மேலட்டையின் அழகையும் தட்டின் பளபளப்பையும் நம்பி விலை பேசக் கூடாது. எண்ணெய் தொட்டுத் துடைத்தால் எந்தத் தட்டும் பளபளக்கும். தட்டை வெளியே எடுத்து வந்து, வெயில் சாய்வாக விழும்படி பிடித்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமான மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் ஒலியைப் பாதிப்பதில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல்தான் பாட்டைத் தாண்டிக் குதிக்க வைக்கும். கீறலே இல்லாமல், கருமை மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் தட்டு, கனமான முள்ளால், பாட்டுப் பதிந்த வரிகள் தேய்ந்து போன தட்டு. எவ்வளவு கழுவினாலும் அந்த இரைச்சல் போகாது. நடுத் துளையைச் சுற்றி லேபிளில் பாருங்கள். இருட்டில் இசைத்தட்டுக் கருவியின் நடுத் தண்டைத் தடவித் தடவித் தட்டை மாட்டிய கை, அங்கே மெல்லிய கோடுகளை விட்டுப் போயிருக்கும். அந்தக் கோடுகள் மிகுந்திருந்தால் தட்டு மிகுதியாக ஓடியிருக்கிறது என்று தயங்காமல் முடிவு செய்யலாம். கடையில் போட்டுக் கேட்க வாய்ப்பிருந்தால் முதல் பாட்டோடு நிறுத்திவிடாமல், லேபிளை ஒட்டியுள்ள கடைசிப் பாட்டையும் கேளுங்கள். உள்வட்டத்தில் ஒரு சுற்றுக்கு முள் கடக்கும் தூரம் குறைவு என்பதால், தேய்மானத்தின் கரகரப்பு அங்கேதான் முதலில் காதில் விழும்.

எல்.பி. எனப்படும், நெடுநேரம் ஓடும் வினைல் (ஒருவகைப் பிளாஸ்டிக்) தட்டுகள் மட்டும் போதும் என்று பெட்டியின் அடியைப் புரட்டாமல் வருவது இன்னொரு தவறு. நம் மண்ணின் காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தார். அவருடைய நாகஸ்வரத்தை அவர் காலத்து வடிவிலேயே கேட்க விரும்புகிறவர் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 சுற்றுத் தட்டுகளைத்தான் முதலில் தேட வேண்டும். பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் மட்டுமே ஒலிக்கும் என்பதால், ஒரு ராகத்தை அந்த அளவுக்குள் நிறைவாக வாசித்து முடிக்கும் கலையே தனி. அரக்கால் ஆன இந்தத் தட்டுகள் எளிதில் உடையும். மண்பானை வாங்கும்போது செய்வதுபோல, துளையில் விரல் கோத்துத் தூக்கி மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஓசை மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல் உண்டு.

ஸ்பிரிட்டும் சானிடைசரும் அரக்கைக் கரைத்துவிடும். அவற்றால் 78 சுற்றுத் தட்டைத் துடைத்தால் பாட்டே அழிந்து போகும். தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் குழாய்த் தண்ணீர் காய்ந்தபின் உப்பு படியும். ஆகவே இன்வெர்ட்டருக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்து, மெல்லிய துணியால் வரிகளின் போக்கிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி துடைத்து, லேபிள் நனையாமல் நிழலில் காயவிடுங்கள். அதுபோலவே எல்.பி. முள்ளால் 78 சுற்றுத் தட்டை ஓட்டக் கூடாது. அகன்ற வரிக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனான முள் வேண்டும். வினைல் தட்டைச் சாவி கொடுக்கும் கிராமபோனில் போடுவதோ அதைவிடக் கொடுமை. அந்த எஃகு முள்ளும் கனமும் ஒரே ஓட்டத்தில் தட்டைக் கெடுத்துவிடும்.

லேபிளில் ஏதோ ஒரு சவுண்ட் சர்வீஸின் ரப்பர் முத்திரையும், ஊதா மையில் வரிசை எண்ணும் இருந்தால் அதைக் குறையாக எண்ணிச் சுரண்டி எடுக்கிறார்கள். எனக்கு இது மனம் ஒப்பாத செயல். அந்த முத்திரைகளில் சங்கரன்கோவில் பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றும் அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்த தட்டுகளில் வந்தால், இவை எந்தக் கொடையில் ஒலித்தன, எப்படிக் கை மாறின என்று கடைக்காரரிடம் பேச்சுக் கொடுக்கலாம். பழைய தட்டு தேடுவதில் உள்ள இன்பத்தில் பாதி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. முத்திரையைச் சுரண்டிவிட்டால் அந்த ஊர் தட்டிலிருந்து போய்விடும்.

வாங்கியபின், சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், வினைல் நெளிந்துவிடும். வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், வெயில் படாத உட்சுவர் ஓரமாக, தரையை விட்டு உயர்த்தி, நிமிர்த்தி நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டைகளில் பூஞ்சணமும் கரையானும் ஏறும் என்பதால், அந்த இரு மாதங்களும் அட்டைகளை அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அவசியம்.