மூன்று நொடி பொறுத்தேன், பேசத் தொடங்கினார்கள்

என் மூன்றாம் வகுப்பில் 24 பிள்ளைகள். விளையாடும்போது வாய் ஓயாது. "முன்னால் வந்து பேசு" என்றதும் கை சட்டை நுனியைத் திருகும், கண் தரையைத் தேடும். ஐந்து வரி எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைத்தேன். ஒரு வரி மறந்தால் அழுகைதான்.

தவறு என்னுடையது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நான் காத்திருக்கவே இல்லை. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் குழந்தைகளின் பதில் நீள்கிறது என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே எழுதியிருக்கிறார். மனதுக்குள் மூன்று எண்ணப் பழகினேன். முதல் வாரம் அந்த அமைதியைத் தாங்குவதே கடினமாக இருந்தது.

அடுத்து, வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டு வரச் சொன்னேன். அதைப் பற்றி முதலில் பக்கத்தில் இருப்பவரிடம், பிறகு நான்கு பேரிடம், கடைசியில்தான் வகுப்புக்கு. மூன்றாம் முறை சொல்லும்போது சொற்கள் தாமாகவே வந்துவிடும். ஜூன் முதல் வாய் திறக்காத ஒரு பையன் தாத்தாவின் பாக்குவெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். (கூரானது என்பதால் அதை என் மேசையில் வைத்துக்கொண்டேன்.) "தாத்தாவுக்குப் பல் இல்லை டீச்சர், பாக்கைப் பொடியாக நறுக்க வேண்டும்" என்று விரல்களாலேயே நறுக்கிக் காட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேச்சின் நடுவே திருத்துவதையும் விட்டேன். 'வாளப்பளம்' என்று சொன்னால், "வாழைப்பழமா, யார் வாங்கித் தந்தது?" என்று கேட்டுத் தொடர்வேன். வீட்டுப் பேச்சை வகுப்பில் அதட்டி நிறுத்துவது குழந்தைக்குச் செய்யும் கெடுதல்.

ஒரே பாடவேளையில் எல்லாருக்கும் முறை வராது. நாளுக்கு ஆறு பேர், விடுபட்டவர்களுக்கு வெள்ளிக்கிழமை.