நாவலை முகவருக்கு அனுப்புவது எப்படி: கடிதமும் கதைச்சுருக்கமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒருவர் நாவல் எழுதி முடித்தால் அடுத்து நடப்பது எல்லாருக்கும் தெரியும். சொந்தக் காசில் அச்சடிப்பார், மண்டபம் எடுப்பார், முதல் நூலைப் பெற்றுக்கொள்ள ஒரு பிரமுகரை அழைப்பார். என் சிறுகதைத் தொகுப்பு அப்படித்தான் வந்தது, அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் தோட்டத் துண்டாடலை, அதாவது ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதைப் பற்றிய என் நாவலை நானே ஆங்கிலத்திலும் எழுதியபோது, அதை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்பிப் பார்க்க ஆசை வந்தது. அங்கே பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் எழுத்தாளரிடமிருந்து நேரே வாங்குவதில்லை. எழுத்தாளர் சார்பில் நூலைப் பதிப்பகத்துக்கு விற்றுத் தரும் இலக்கிய முகவர் வழியாகத்தான் போக வேண்டும். முகவர் முதலில் கேட்பது கடிதம், கதைச்சுருக்கம், சில மாதிரிப் பக்கங்கள்.

நாவல் முழுதாக முடிந்து, திருத்தமும் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். பாதி நாவலோடு இந்த வேலையில் இறங்காதீர்கள்.

படி 1: கடிதம்

ஒரு பக்கம்தான். 250 முதல் 350 ஆங்கிலச் சொற்கள். அதில் பாதிக்கு மேல் கதைக்கே போக வேண்டும். மீதியில் நாவலின் பெயர், வகை, மொத்தச் சொற்கள் (என்னுடையது 94,000, முதல் நாவலுக்கு 80,000 முதல் 1,00,000 வரை இருந்தால் தயக்கமில்லாமல் படிப்பார்கள்), உங்கள் நாவலோடு ஒரே அலமாரியில் நிற்கக்கூடிய, அண்மை ஐந்தாண்டுகளுக்குள் வந்த இரண்டு நூல்கள், உங்களைப் பற்றி இரண்டு வரி.

நாம் பள்ளியில் சூராட் ரஸ்மி, அதாவது மலாய் அலுவல் கடிதம், எழுதிப் பழகியவர்கள். இரண்டாம் பத்தியிலிருந்து எண் போடுவது, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று பணிவது, கடைசியில் நன்றி சொல்லி முடிப்பது எல்லாம் கையோடு வந்துவிடும். என் முதல் கடிதத்தில் மூன்றும் இருந்தன. முகவரைப் பெயர் சொல்லி விளியுங்கள், எண்களை எடுத்துவிடுங்கள், இரண்டாவது வாக்கியத்திலேயே கதைக்குள் போய்விடுங்கள்.

கதைப் பகுதியை நான் முதலில் இப்படி எழுதியிருந்தேன்: 'இது மலாயாத் தோட்டத் தொழிலாளர்களின் கண்ணீரும் வியர்வையும் கலந்த காவியம்.' இதில் ஆள் இல்லை, ஊர் இல்லை, சிக்கல் இல்லை. பிறகு எழுதியது: '1960களின் பேராக். வெள்ளைக்காரக் கம்பெனி தன் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறது. பால் வெட்டும் மருதாயி, தாலிக்கொடியை அடகு வைத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்க நினைக்கிறாள். அவள் கணவனோ அதே பணத்தில் குடும்பத்தோடு ராஜுலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் திரும்ப நினைக்கிறான்.' யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, தவறினால் என்ன போகும் என்ற நான்கும் வந்துவிட்டால் போதும். கடிதத்தில் முடிவைச் சொல்ல வேண்டாம்.

அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய வரலாறு நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லண்டன் முகவருக்கு அதில் எதுவும் தெரியாது. அதற்காகக் கடிதத்தில் ஒரு பத்தி வரலாற்றுப் பாடம் நடத்தத் தேவையில்லை, 'தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கத் தொடங்கிய சங்கம்' என்ற ஒரு வரி போதும்.

இன்னொன்று, தோட்டத்தை நாம் 'எஸ்டேட்' என்றே எழுதிவிடுவோம். இங்கிலாந்தில் படிக்கும் என் அண்ணன் மகள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "அத்தை, இங்க எஸ்டேட்னா அரசாங்கம் கட்டுன வீட்டுக் குடியிருப்பு, இல்லன்னா பெரிய பணக்காரங்க நிலம்" என்றாள். முதல் இடத்தில் மட்டும் 'ரப்பர் பிளான்டேஷன்' என்று மாற்றினேன். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), கிராணி (தோட்ட எழுத்தர்) எல்லாவற்றையும் நாவலுக்குள் அப்படியே விட்டுவிட்டேன். அந்தச் சொற்களை அழித்துவிட்டு அந்த வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

படி 2: கதைச்சுருக்கம்

இதில்தான் நான் ஒரு மாதம் மாட்டிக்கொண்டேன். பின்னட்டை வாசகம் போல எழுதி, 'மருதாயி என்ன முடிவெடுத்தாள்?' என்று கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். அது தவறு. கதைச்சுருக்கத்தில் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். கதை கடைசிவரை நிற்கிறதா என்று பார்க்கத்தான் முகவர் அதைக் கேட்கிறார். மருதாயி பங்கு வாங்குகிறாள், கணவன் மூத்த மகனோடு கப்பல் ஏறுகிறான், தோட்டம் அப்படியும் விற்கப்படுகிறது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

சுமார் 500 சொற்கள், ஒரு பக்கம். சிலர் இரண்டு பக்கம் கேட்பார்கள். நாவல் 'நான்' என்று தன்மையில் இருந்தாலும் சுருக்கம் படர்க்கையில், நிகழ்காலத்தில். பாத்திரத்தின் பெயர் முதல்முறை வரும்போது முழுவதும் ஆங்கில கேப்பிடல் எழுத்துகளில். ஐந்து பெயருக்கு மேல் வேண்டாம். சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று உறவு சொல்லத் தொடங்கினால் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று சொல் செலவாகும். பெயரோடு நிறுத்துங்கள்.

எனக்கு உதவிய வழி: இருபது ஆண்டு பால் வெட்டிய பக்கத்து வீட்டு அக்காவிடம் கதையை வாயால் சொன்னேன். நான் 'பிறகு, பிறகு' என்று போய்க்கொண்டே இருந்தேன். அவர் நிறுத்தி, "அடகு வச்ச கொடி என்னாச்சு லா? அத சொல்லாம போறியே" என்றார். அன்றிரவு சுருக்கத்தில் இருந்த எல்லா 'பிறகு'வையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'அதனால்' அல்லது 'ஆனால்' போட முடிகிறதா என்று பார்த்தேன். போட முடியாத வாக்கியங்களை வெட்டினேன். 1,100 சொல் 520 ஆனது.

படி 3: அனுப்புதல்

ஒவ்வொரு முகவரின் பக்கத்திலும் விதி எழுதியிருக்கும், அதையே பின்பற்றுங்கள். பொதுவாக அமெரிக்காவில் கடிதமும் முதல் ஐந்து, பத்துப் பக்கங்களும் மின்னஞ்சலுக்குள்ளேயே இருக்க வேண்டும், இணைத்து அனுப்பும் கோப்பைத் திறக்க மாட்டார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் கடிதம், சுருக்கம், முதல் மூன்று அதிகாரங்கள். பலர் குவெரிமேனேஜர் என்ற இணையப் படிவம் வைத்திருக்கிறார்கள். கோப்பாகக் கேட்பவர்களுக்குப் பக்கங்களை டைம்ஸ் நியூ ரோமன் 12, இரட்டை இடைவெளியில் வேர்டு கோப்பாக வையுங்கள். கூகிள் டாக்ஸ் இணைப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மின்னஞ்சலில் ஒட்டுவதற்கு முன், எழுத்து வடிவமைப்பு நீங்க நோட்பேடில் ஒட்டி எடுங்கள், முதலில் உங்களுக்கே அனுப்பிக் கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

ஒரே நேரத்தில் ஆறேழு பேர் போதும். பதில் வர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். பலர் வேண்டாம் என்றால் பதிலே போடுவதில்லை. யாருக்கு அனுப்பினோம் என்று கணக்கு வைக்க குவெரிடிராக்கர் இணையதளம் நல்லது, ஆனால் நான் கூகிள் ஷீட்டில்தான் வைத்திருக்கிறேன்: பெயர், தேதி, எந்த வடிவக் கடிதம், பதில்.

சேர்க்கை: புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த கேள்விகள்

படிக்கவே கட்டணம் கேட்கிறார்களே என்று இருவர் கேட்டிருந்தார்கள். கொடுக்காதீர்கள். நல்ல முகவர் விற்ற பிறகே எடுப்பார், உள்நாட்டு விற்பனையில் பொதுவாக 15 விழுக்காடு, மொழிபெயர்ப்பு உரிமையில் 20. எனக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது, பாராட்டு நீளமாகவும் கட்டண விவரம் கடைசி வரியிலும் இருந்தது. அழித்துவிட்டேன்.

தன் நாவல் ஏற்கெனவே தமிழில் நூலாக வந்துவிட்டதே என்று கேட்ட தம்பிக்கு: அதைக் கடிதத்தில் மறைக்காதீர்கள். அனுப்பும் முன், ஆங்கில உரிமை உங்களிடம்தான் இருக்கிறதா என்று பதிப்பாளரோடு போட்ட தாளை எடுத்துப் பாருங்கள். தாளே போடவில்லை என்றால், உரிமை உங்களுடையது என்று அவரிடம் இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள்.