கார் ஏ.சி.க்கு கேஸ் ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

காரில் குளிர் குறைந்தால் உடனே கேஸ் ஏற்றச் சொல்லும் கடைகள் வட சென்னையில் ஏராளம். ஆனால் ஏ.சி. கேஸ், பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது. ரப்பர் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு வெளியேறலாம் என்றாலும், கோடைதோறும் கேஸ் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நம் பகுதியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரைத்தான். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலையொட்டி நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று அதன் அலுமினியத்தை அரிக்கிறது. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே படிந்துவிடுகிறது. ஓடும்போது நன்றாகக் குளிரும் வண்டி, துறைமுகம் செல்லும் லாரி வரிசைக்குப் பின்னால் நின்றதும் வெப்பக் காற்றை வீசினால், கேஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த அடைப்பையும், ஏ.சி. போட்டதும் கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவினால் போதும். பிரஷர் வாஷ் தகடுகளை மடக்கிவிடும். கழுவும் முன் இணைப்புகளை உற்றுப் பாருங்கள். கசியும் கேஸோடு, அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் எண்ணெயும் வெளிவருவதால், அங்கே புழுதி ஒட்டிக் கருத்த பிசுக்காகத் தெரியும்.

காற்றே குறைவாக வந்தால், பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருந்து காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை நீங்களே மாற்றிவிடலாம்.

கேஸ் வேலையை மட்டும் வீட்டில் முயல வேண்டாம். பீறிடும் கேஸ் கண்ணையும் தோலையும் உறைய வைக்கும். மெக்கானிக் நைட்ரஜன் அழுத்தத்தாலோ ஒளிரும் சாயத்தாலோ கசிவைக் கண்டுபிடித்து, இணைப்பில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும், குழாய்களைத் திறந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றிய பிறகு, அரை மணி நேரமாவது வேக்குவம் போட வேண்டும்; அதாவது, உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தின்னும் என்பதால், கடலோர ஊரில் இதற்கு நேரமில்லை என்று சொல்லும் கடையை நான் நம்பமாட்டேன். பம்பை நிறுத்தி வால்வை மூடிய பின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் முள் மேலேறினால் கசிவு இன்னும் தீரவில்லை அல்லது ஈரம் மிச்சமிருக்கிறது.

கேஸின் வகையும் அளவும் பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு ஆர் 134ஏ. சில புதிய கார்களுக்கு ஆர் 1234ஒய்எஃப். இவற்றைக் கலக்கக் கூடாது. குழாயைத் தொட்டுப் பார்த்துக் கணிக்காமல், எடைத் தராசில் வைத்து கிராம் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள்; அளவு மிஞ்சினாலும் குளிர் குறையும், கம்ப்ரஸரும் கெடும். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் மெஷினில் உறிஞ்சி எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஆர் 134ஏ, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைப்பது.

ஏ.சி. ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது இயல்பு. அதே தண்ணீர் முன்சீட்டுக் கால்மிதியை நனைத்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அதற்குக் கேஸும் வேண்டாம், கம்ப்ரஸரும் வேண்டாம், குழாயைச் சுத்தம் செய்தால் போதும்.