பைபிள் தியானம் பண்றப்போ நாம பண்ற தப்புகள்

தியானம் பண்ண உக்காந்த உடனே "இன்னிக்கு எனக்கு என்ன மெசேஜ்"னு தேட ஆரம்பிச்சிடுறோம் பாருங்க, அதுதான் பெரிய தப்பு. மத்த தப்பெல்லாம் முக்காவாசி இதோட குட்டிங்கதான். வசனம் முதல்ல யாருக்கு, எந்த நிலைமையில சொல்லப்பட்டுச்சுன்னு கேக்கக்கூட பொறுமை இல்லாம நேரா நம்ம வேலை, நம்ம பிள்ளை பிஎஸ்எல்இ (சிங்கப்பூர்ல ஆறாம் வகுப்புப் பரீட்சை), நம்ம பிஆர் (நிரந்தரவாசம்) அப்ளிகேஷன்னு இழுத்துட்டு வந்துடுறோம்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்குன்னு ஒரு வசனம் எழுதின சீட்டு) எடுக்குற பழக்கம் நம்ம தமிழ் சபைங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். அது மேல எனக்கு கோவம் ஒண்ணும் இல்ல, அதை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சா ஒரு சந்தோஷம்தான். ஆனா அந்த ஒரு வரிதான் வருஷம் முழுக்க தியானம்னு ஆயிடக்கூடாது. அந்த அட்டைக் கட்டுல "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு"ங்கிறது யார் கைக்கும் வந்ததா கேள்விப்பட்டிருக்கீங்களா? அதுவும் இயேசு சொன்னதுதானே.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கோங்க. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு வருமே, காலையில வாட்ஸ்அப்ல பூ படத்தோட பாதி பேர் அனுப்புற வசனம். அது பாபிலோனுக்கு சிறைபிடிச்சுக் கொண்டுபோகப்பட்ட யூத ஜனங்களுக்கு எரேமியா எருசலேம்லேர்ந்து எழுதின லெட்டர்ல வருது. அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வந்து ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பி வந்துடுவாங்கன்னு சொல்றான், கேக்க எவ்ளோ இனிப்பா இருந்திருக்கும். எரேமியா லெட்டர்ல இருக்கிறதோ 70 வருஷம். அதாவது லெட்டரைப் படிச்ச பெரியவங்க முக்காவாசி பேர் ஊரைத் திரும்பப் பாக்கப்போறதே இல்ல, அவங்களுக்குத்தான் இந்த வார்த்தை வருது. அதே லெட்டர்ல 5-ஆம் வசனம் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்கன்னு சொல்லுது, 7-ஆம் வசனம் நீங்க இருக்கிற பட்டணத்தோட சமாதானத்தைத் தேடி அதுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லுது. இதைப் படிச்சப்புறம் 11-ஆம் வசனம் சின்னதா ஆயிடல, இன்னும் கனமா ஆகுது. பிஆர் ரிஜெக்ட் ஆனவருக்கு "அடுத்த தடவை கண்டிப்பா கிடைச்சிடும்"னு இந்த வசனம் கேரண்டி குடுக்கல, ஆனா கிடைச்சாலும் கிடைக்காட்டியும் இருக்கிற பிளாக்ல பக்கத்து வீட்டுக்காரரோட நல்லபடியா வாழச் சொல்லுது. (அதுக்காக சிங்கப்பூர்தான் பாபிலோன்னு கிளம்பிடாதீங்க, நம்மளை யாரும் சிறைபிடிச்சு இழுத்துட்டு வரல, ஏஜெண்டுக்கு காசு குடுத்துத்தான் வந்தோம்.)

பவுல் எழுதின பிலிப்பியர் 4:13-ம் இப்படித்தான், கிறிஸ்துவினாலே எல்லாத்தையும் செய்ய எனக்குப் பெலன் உண்டுன்னு வருமே, எக்ஸாம் ஹாலுக்கு வெளியில சொல்ற வசனமாவே ஆயிடுச்சு. அதுக்கு மேல ரெண்டு வசனம் ஏறிப் பாருங்க, பவுல் சாப்பாடு இருந்தாலும் பட்டினியா இருந்தாலும் மனரம்மியமா இருக்கக் கத்துக்கிட்டதைப் பத்தி எழுதுறாரு, எழுதுறது காவல்ல இருந்துட்டு. வசன நம்பரைப் பவுல் போடல, ராபர்ட் எஸ்தியேன்ங்கிற அச்சுக்காரர் 1551-ல வெளியிட்ட கிரேக்க புதிய ஏற்பாட்டுலதான் இந்த நம்பரெல்லாம் வந்துச்சு. அதனால நம்பர் எங்க முடியுதோ அங்க கருத்தும் முடியும்னு நினைக்க வேணாம், மேல ஒரு பத்து வரி, கீழ ஒரு பத்து வரி சேர்த்துப் படிச்சாலே பாதி தப்பு குறைஞ்சிடும்.

அடுத்தது அவசரம். பைபிள்ல மொத்தம் 1,189 அதிகாரம், ஒரு வருஷத்துல முடிக்கணும்னா ஒரு நாளைக்கு மூணு நாலு அதிகாரம் வரும். முழுசா வாசிக்கிறது ரொம்ப நல்ல பழக்கம், விட்டுடாதீங்க, ஆனா அது வாசிப்பு. எம்ஆர்டி-ல பொங்கோல்லேர்ந்து ஹார்பர்ஃபிரண்ட் வரைக்கும் உக்காந்து போனவங்க நடுவுல வர்ற தேக்காவை (லிட்டில் இந்தியா) நல்லா தெரியும்னு சொல்ல முடியுமா, இறங்கி நடந்தாதானே தெரியும். ஆப்ல ஸ்ட்ரீக் (விடாம படிச்ச நாள் கணக்கு) உடையக்கூடாதுன்னு ராத்திரி 11:55-க்கு லேவியராகமத்தை கட்டைவிரலால தள்ளி விடுறது வாசிப்புலகூட சேராது.

சரி மெதுவா படிக்கிறதுன்னா எப்படின்னு கேட்டா, மாற்கு 10-ஐ எடுங்க. எரிகோ ரோட்டோரம் பர்திமேயுன்னு ஒரு குருடன் பிச்சை கேட்டு உக்காந்திருக்கான். கத்துறான், கூட்டம் சும்மா இருடான்னு அதட்டுது, இயேசு நின்னு கூப்பிடச் சொன்ன உடனே அதே கூட்டம் திடன்கொள், எழுந்திருன்னு பேச்சை மாத்துது. முதல் தடவை படிக்கிறப்போ அவன் விசுவாசம்தான் கண்ணுல படும். ரெண்டாவது தடவை வாய்விட்டு படிங்க, அவன் மேல போட்டிருந்த துணியை எறிஞ்சிட்டு எழுந்து வர்றது கண்ணுல படும், பிச்சைக்காரன்கிட்ட வேற என்னதான் இருந்திருக்கும், அதையும் விட்டுட்டு வர்றான். மூணாவது தடவை அதிகாரத்தை 35-ஆம் வசனத்துலேர்ந்து படிங்க. யாக்கோபும் யோவானும் வந்து எங்களுக்கு ஒண்ணு வேணும்ங்கிறாங்க, இயேசு அவங்ககிட்ட நான் உங்களுக்கு என்ன செய்யணும்னு கேக்குறாரு, பர்திமேயுகிட்டயும் கிட்டத்தட்ட அதே கேள்வி. கூடவே நடந்த சீஷங்க கேட்டது வலது பக்கமும் இடது பக்கமும் சீட்டு, ரோட்டோரத்துல இருந்தவன் கேட்டது பார்வை. கிடைச்ச உடனே அவன் வீட்டுக்குப் போகல, அவர் பின்னாலேயே போறான், அந்த ரோடு எருசலேமுக்குப் போற ரோடு. இப்ப அதே கேள்வியை உங்களைப் பாத்துக் கேட்டா நீங்க என்ன கேப்பீங்கன்னு யோசிச்சு அதை ஜெபமா சொல்லுங்க. நம்மளைப் பத்தின கேள்வி கடைசியில வந்துச்சு, முதல்லயே வரல, அதைத்தான் மேலேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்.

இன்னொரு தப்பு, அடுத்தவங்க அசைபோட்டதை முழுங்கிட்டுப் போறது. யூடியூப்ல பிரசங்கம் கேக்குறது, தினதியான புஸ்தகம் படிக்கிறது எல்லாம் உதவிதான், ஆனா வசனத்தை நீங்க ஒரு தடவைகூட பாக்காம நேரா பாஸ்டர் என்ன சொன்னாருன்னு போனா எப்படி. பெரோயா ஊர்க்காரங்க பவுல் பேசினதையே வேதத்துல தேடிப் பாத்தாங்க (அப்போஸ்தலர் 17:11), அதுக்கு அவங்களுக்குத் திட்டு விழல, பாராட்டுதான் கிடைச்சுச்சு. முதல்ல நீங்க படிங்க, அப்புறம் புஸ்தகத்தைத் திறங்க, செல் குரூப்ல (சபையில சின்னச் சின்ன குழுவா கூடுறது) பேசறப்போ நீங்க புரிஞ்சுக்கிட்டது சரியான்னும் பாத்துக்கலாம். வீட்டுல பிள்ளைங்க இங்கிலீஷ் பைபிள், அம்மா அப்பா தமிழ் பைபிள்னு இருந்தாலும் பரவாயில்ல, அவங்கவங்க பைபிள்ல சத்தமா வாசிக்கட்டும்.

நேரத்தைப் பத்தி ஒரு குற்ற உணர்ச்சி இருக்கு பாருங்க, விடியற்காலை 4 மணிக்கு தனி ரூம்ல உக்காந்தாதான் தியானம்னு. மூணு ரூம் ஃபிளாட்டுல பாட்டி டிவி, தம்பி கேம், கீழ வாய்ட் டெக்ல (பிளாக்குக்கு அடியில இருக்கிற திறந்த தளம்) கல்யாணம்னு இருக்கிற ஊருல தனி ரூமுக்கு எங்க போறது? துவாஸ் பக்கம் டார்மிட்டரியில பங்க் பெட்ல படுத்து நைட் ஷிஃப்ட் போறவருக்கு 4 மணி வேலை நேரம். ஈசாக்கு சாயங்காலத்துல வெளியில போய் தியானம் பண்ணாருன்னு ஆதியாகமம் 24:63 சொல்லுது, சங்கீதம் 63-ல தாவீது படுக்கையில, ராத்திரி சாமத்துல. பஸ்ல பதினஞ்சு நிமிஷம் கிடைச்சா போதும், கிளம்புறதுக்கு முன்னாடி நாலு வரியை ஒரு பேப்பர்ல எழுதி பாக்கெட்ல வச்சுக்கோங்க. போன்ல படிச்சா நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா ரெண்டாவது வரியில ஷாப்பீ வந்துடும்.

தியானம்னாலே யோகா மாதிரி மனசை காலி பண்றதுன்னு பயந்து ஒதுங்குறவங்களும் இருக்காங்க. சங்கீதம் 77:12-ல தேவனோட கிரியைகளை யோசிக்கிறதுதான் தியானம், மனசுல வசனம் நிறைஞ்சுதான் இருக்கணும், காலியா இல்ல. அதே மாதிரி தினமும் கண்ணுல தண்ணி வரணும், உடம்பு சிலிர்க்கணும்னும் எதிர்பாக்காதீங்க. சங்கீதம் 88 முடிவுலகூட ஒரு ஆறுதல் வரி இல்லாம முடியுது, அதையும் வேதத்துலதான் வச்சிருக்காங்க. ஒண்ணும் தோணாத நாள்ல ஒண்ணும் தோணலன்னே ஜெபம் பண்ணிட்டு எழுந்திருக்கலாம்.

வசனத்தைப் படிச்ச உடனே "இது என் மருமகளுக்கு கரெக்டா இருக்கு"ன்னு தோணுச்சுன்னா அன்னிக்கு ஃபார்வர்ட் பட்டன் பக்கமே போகாதீங்க, அவ்ளோதான் சொல்லுவேன்.

கடைசியா, படிச்சு நோட்டுல கலர் கலரா கோடு போட்டுட்டு செய்யாம விடுறது. மத்தேயு 5:23-24-ல காணிக்கையைப் பலிபீடத்துக்கிட்டயே வச்சுட்டு முதல்ல போய் சகோதரனோட ஒப்புரவாகச் சொல்றாரு. அம்மாவோட ஃபிளாட்டை வித்த காசுல பங்கு சண்டை போட்டு அண்ணன்கிட்ட பேச்சு நின்னு போயிருந்தா, இந்த வசனத்தை இன்னும் ஒரு வாரம் ஆழமா தியானிக்கிறேன்னு உக்காராதீங்க, போனை எடுங்க. தப்பு உங்க மேலதான்னு உங்களுக்கே தெரிஞ்சிருந்தாலும் சரி, அண்ணன் சும்மா அப்படி நினைச்சுக்கிட்டு இருந்தாலும் சரி, அந்த வசனத்துல "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" தான் இருக்கு, யார் மேல தப்புன்னு தீர்ப்பு எழுதச் சொல்லல. அண்ணன் எடுக்கலேன்னா மறுநாள் திரும்பப் போட்டுப் பாருங்க, அதுக்கும் பதில் இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நேர்ல போயிடுங்க, அண்ணி கண்டிப்பா டீ போடுவாங்க.